கடுவன் பூனைக்குக் கருத்தடை, கடிக்குத் தனி வைத்தியம்

எங்கள் வீட்டுப் பூனைக்குத் துரை என்று பெயர். வேடிக்கைக்காக வைத்த பெயர்தான், ஆனால் ஐந்து மாதம் ஆனதும் பெயருக்கேற்ற அதிகாரம் வந்துவிட்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பதுங்கியிருப்பான். நான் காபி டம்ளரோடு வெளியே வந்தால் கணுக்காலில் பாய்ந்து நாலு பல்லும் பதியக் கடித்துவிட்டு ஓடிவிடுவான். ஆபீசில் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, "ரோஜாத் தோட்டம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஆபரேஷன் பண்ணிடுங்க, சரியாயிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். பண்ணினேன். துரை தெருவுக்கு ஓடத் துடிப்பது நின்றது, சோபாவில் மூத்திரம் தெளிப்பது நின்றது. கடி மட்டும் நிற்கவில்லை. அதற்கு வேறு வேலை செய்ய வேண்டியிருந்தது. அது தெரியாமல் இரண்டு மாதம் வீணாக்கினேன். நீங்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கலாம்.

நான் இருப்பது சென்னை. பண விவரமெல்லாம் என் பில்லில் இருந்தவை, உங்கள் ஊரில் கூடலாம் குறையலாம்.

1. எந்தக் கடி என்று முதலில் பாருங்கள்

ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குக் கடித்தான், அதற்கு முன் என்ன நடந்தது, எந்த இடத்தில் கடித்தான். இந்த மூன்று போதும்.

நடக்கும் காலையும் போர்வைக்குள் அசையும் விரலையும் பாய்ந்து கடித்தால், அது வேட்டை விளையாட்டு. இளம் பூனைகளின் கடியில் பெரும்பகுதி இதுதான். கருத்தடை இதைத் தொடாது. தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் எட்டு, பத்து வாரமாவது இருந்த குட்டி, பலமாகக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு ஓடிவிடும், விளையாட்டு நின்றுவிடும் என்று அங்கேயே கற்றுக்கொள்ளும். துரையை ஒரு காருக்கு அடியிலிருந்து எடுத்தபோது அவனுக்கு ஐந்து வாரம்கூட ஆகியிருக்காது. அந்தப் பாடத்தை அவன் படிக்கவே இல்லை.

மடியில் உட்கார்ந்து தடவல் வாங்கிக்கொண்டே திடீரென்று திரும்பிக் கடித்தால், "போதும்" என்று அர்த்தம். அதற்கு முன்பே வால் நுனி ஆடியிருக்கும், காது பக்கவாட்டில் மடங்கியிருக்கும், முதுகுத் தோல் ஒருமுறை சிலிர்த்திருக்கும். நாம் டிவி பார்த்துக்கொண்டிருந்ததால் கவனித்திருக்க மாட்டோம்.

மூன்றாவது வகைதான் பயங்கரம். ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவரில் இன்னொரு கடுவன் நடந்துபோகும். அதைப் பார்த்து உறுமிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பக்கத்தில் போனால், அந்தக் கோபம் உங்கள் மேல் இறங்கும். இந்த வகைக்குக் கருத்தடை கொஞ்சம் உதவும்.

இதுவரை சாதுவாக இருந்த பூனை திடீரென்று கடிக்க ஆரம்பித்தாலோ, ஒரே இடத்தைத் தொட்டால் மட்டும் கடித்தாலோ, வலி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போங்கள். பயிற்சியெல்லாம் அப்புறம். மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அப்போது கண்டதையும் கடிப்பது சகஜம்.

2. கடி வாங்கிய கையை என்ன செய்வது

நான் இதில் அலட்சியமாக இருந்தேன். நீங்கள் இருக்காதீர்கள். பூனைப் பல் ஊசி மாதிரி. வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும், கிருமியும் கூடவே போயிருக்கும். ஒருமுறை காலையில் கட்டைவிரல் அடியில் கடித்தான், ராத்திரிக்குள் கை வீங்கி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஐந்து நாள் ஆன்டிபயாடிக்.

கடித்ததும் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு தவணை, முதல் ஊசி போடும் நாள்தான் 0. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் கடிவாயைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்தும் போடச் சொல்வார்கள். முன்பே முழுத் தவணையும் போட்டவர்களுக்கு 0, 3 நாள்களில் இரண்டு ஊசி போதும், அதனால் ஊசிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

"வீட்டுப் பூனைதானே" என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். பூனையின் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சொல்லட்டும். பூனையைப் பத்து நாள் கண்காணிக்கவும் சொல்வார்.

3. வயது, எடை, தடுப்பூசி

கடுவன் ஐந்து, ஆறு மாதத்திலேயே வயதுக்கு வந்துவிடும். மூத்திரம் தெளிக்கும் பழக்கம் தொற்றிக்கொள்வதற்கு முன் செய்துவிடுவது நல்லது, பழகிய பிறகு செய்தால் சில பூனைகள் அதை விடுவதில்லை. ஐந்து மாதம் ஆனதும் பேச்சை ஆரம்பியுங்கள். இங்குள்ள டாக்டர்கள் பலர் ஆறு மாதமும் இரண்டு கிலோவுக்கு மேல் எடையும் இருந்தால் நிம்மதியாக ஒத்துக்கொள்கிறார்கள். துரைக்குச் செய்தபோது ஆறரை மாதம், 3.1 கிலோ.

"ஒரு தடவையாவது சேரட்டும், பாவம்" என்பார்கள். என் அம்மாவும் சொன்னாள். அதனால் பூனைக்கு ஒரு நன்மையும் இல்லை. வெளியே போய்ச் சண்டையில் கடிபட்டு, சீழ்க்கட்டியோடும் கடி வழியாகப் பரவும் வைரஸோடும் திரும்பி வருவதுதான் மிச்சம்.

தடுப்பூசியைப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று பூனை நோய்களுக்குச் சேர்த்துப் போடுவது, கடையில் ட்ரைகேட் என்ற பெயரில் கேட்பார்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து அடுத்தது. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. கடைசி ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி கேட்பார்கள். என்னைப்போல் எல்லாவற்றையும் ஆறாம் மாதத்தில் ஆரம்பித்தால் ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போகும். வயிற்றுப் பூச்சி மருந்தும் இதற்குள் கொடுத்திருக்க வேண்டும்.

டாக்டரிடம் முதல் தடவை போகும்போதே இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட பூனைகள் உண்டு. அப்போது வயிற்றைத் திறக்க வேண்டிவரும், செலவும் நேரமும் கூடும். அதை மேஜை மேல் படுக்க வைத்த பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

4. எங்கே செய்வது

சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு, டாக்டர்களும் அனுபவசாலிகள். காத்திருக்கத்தான் வேண்டும். காலையில் நாய்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் உங்கள் பூனை மூன்று மணி நேரம் கூடைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஊர்ப்புறக் கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும். அங்கே போய்ப் பூனைக்கு மயக்கம் கொடுத்துச் செய்வீர்களா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் எங்கே அனுப்புவது என்று அவர்களுக்கே தெரியும்.

தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் முகாம்களில் காது நுனியைக் கொஞ்சம் நறுக்கி அடையாளம் வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டுப் பூனைக்கு அது வேண்டாம் என்றால் ஒப்படைக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தனியார் கிளினிக் என்றால் ஃபோனில் விலையை மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். நான் இப்போது கேட்பதாக இருந்தால் இவற்றைக் கேட்பேன்: மயக்கம் ஊசியில் மட்டுமா, கேஸும் உண்டா? ஆபரேஷன் நேரத்தில் இதயத் துடிப்பைப் பார்க்க ஒருவர் தனியாக நிற்பாரா? வலி மருந்து இந்தத் தொகைக்குள் வருகிறதா? எத்தனை மணிக்கு அனுப்புவீர்கள்? ராத்திரி ஏதாவது ஆனால் யார் ஃபோனை எடுப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் நான் அந்த இடத்துக்குப் போக மாட்டேன், 500 ரூபாய் குறைவாக இருந்தாலும்.

5. பணமும் காகிதமும்

என் கணக்கு இது. டாக்டர் ஆலோசனை 400, ரத்தப் பரிசோதனை 1,200, ஆபரேஷன் 3,500, புண்ணை நக்காமல் இருக்க மாட்டும் கழுத்துக் கூம்பு 250, மருந்து 320. மொத்தம் 5,670 ரூபாய். ஆட்டோ தனி. விசாரித்த இன்னொரு இடத்தில் 2,800 என்றார்கள், துருவிக் கேட்டபோது ரத்தப் பரிசோதனையும் மருந்தும் அதில் சேரவில்லை. கூட்டிப் பார்த்தால் முதலில் தோன்றிய அளவுக்கு வித்தியாசம் இல்லை.

இளம் பூனைக்கு ரத்தப் பரிசோதனை தேவையா என்று தோன்றும். ரத்த அணுக்களும் சிறுநீரகமும் ஈரலும் சரியாக இருக்கின்றனவா என்று தெரிந்துகொண்டு மயக்க மருந்து கொடுப்பது டாக்டருக்கும் நல்லது. தெருவிலிருந்து எடுத்த குட்டி என்றால் நான் விடவே மாட்டேன்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள் கொஞ்சம்தான். தடுப்பூசி அட்டை, ரத்தப் பரிசோதனை முடிவு, முன்பு ஏதாவது நோய்க்குப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு. அங்கே போனதும் மயக்க மருந்துக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பூனை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே போவது வசதி. என் மனைவி பெயரில் அட்டை, கையெழுத்துப் போடப் போனது நான். ஃபோனில் அவளைப் பிடித்து விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் முறை போய்விட்டது. திரும்பும்போது கருத்தடை ஆன தேதியை அட்டையில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். வாடகை வீடு மாறும்போது ஓனரிடம் காட்ட அது உதவியது. "ஆபரேஷன் ஆன பூனை, நாறாது" என்று ஆதாரத்தோடு சொல்லலாம்.

6. முந்தின நாள் ராத்திரி

ஆறு மாதப் பூனைக்கு ராத்திரி சாப்பாட்டோடு நிறுத்தச் சொல்வார்கள். எங்களுக்குச் சொன்னது எட்டு மணி நேரப் பட்டினி, தண்ணீர் மட்டும் காலை வரை கொடுக்கலாம். மிகச் சின்னக் குட்டிக்கு இவ்வளவு நேரம் வயிற்றைக் காயப்போடக் கூடாது, அதனால் உங்கள் டாக்டர் சொன்ன நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பட்டினி போடுவது அதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி கிண்ணத்தை எடுத்து அலமாரியில் பூட்டினேன். காலை ஐந்தரைக்கு எழுந்து குளித்தேன், கேரியரைத் துடைத்தேன், ஆட்டோ வந்துவிட்டது. துரை மீசையில் ஒரு வெள்ளைத் துளி. "அம்மா, இவனுக்கு ஏதாவது குடுத்தியா?" "அய்யோ, கொலைப்பட்டினியா அனுப்புவாங்க? ஒரு அரை டம்ளர் பால்தான்." ஆபரேஷன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. ஆட்டோவுக்குப் போக வர 360 ரூபாய், எனக்கு அரை நாள் லீவு.

இரண்டாம் தடவை ஃப்ரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் "துரைக்கு எதுவும் கூடாது, பாலும்" என்று எழுதி ஒட்டினேன். பூனையையே ஒரு அறையில் போட்டு மூடிவிடுவது இன்னும் நல்லது. வெளியே போய்வரும் பூனையென்றால் சாயங்காலமே உள்ளே பிடித்து வையுங்கள், விடியற்காலையில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேரியரை அன்றைக்குத்தான் பரணிலிருந்து இறக்குவது இன்னொரு தப்பு. ஒரு வாரம் முன்பே கூடத்தில் திறந்து வைத்து உள்ளே ஒரு பழைய துண்டைப் போடுங்கள், சாப்பாட்டையும் அதற்குள்ளேயே வையுங்கள். தானாக ஏறித் தூங்க ஆரம்பிக்கும். காய்கறிக் கூடையில் துணி கட்டிக் கொண்டுபோகும் வேலை வேண்டாம். சிக்னலில் ஆட்டோவிலிருந்து பூனை குதித்தால் அவ்வளவுதான்.

7. அன்றைய பகல்

கடுவனுக்கு இது சின்ன ஆபரேஷன். விதைப்பையில் சிறிதாகக் கீறி இரண்டு விதையையும் எடுத்து, குழாயை முடிச்சுப் போட்டுவிடுவார்கள். கத்தி வைக்கும் நேரம் பத்து நிமிடம்கூட இருக்காது. பெரும்பாலும் வெளியே தையலே இருக்காது, கீறல் தானாக மூடிக்கொள்ளும். மயக்கம் கொடுப்பதும் தெளிவதும்தான் அரை நாளை எடுத்துக்கொள்ளும்.

கோடையில் செய்வதாக இருந்தால் காலை முதல் நேரத்தைக் கேளுங்கள். மே மாத மத்தியான வெயிலில், அரை மயக்கத்தில் இருக்கும் பூனையை ஆட்டோவில் கொண்டுவருவது சரியில்லை.

தலையைத் தானாக நிமிர்த்திப் பிடித்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் வரை வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். "கொண்டு போங்க, வீட்ல தெளிஞ்சிடும்" என்று சொன்னாலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். சில மயக்க மருந்துகளில் பூனை கண்ணைத் திறந்தபடியே கிடக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது இயல்புதான்.

8. வீட்டில் பத்து நாள்

முதல் ராத்திரி துரை குடித்தவன் மாதிரி நடந்தான். நாலு அடி வைப்பான், பின்னங்கால் மடங்கும், உட்கார்ந்து யோசிப்பான். கட்டில், சோபா, ஜன்னல் எதிலும் ஏறவிடக் கூடாது. சின்ன அறையில் தரையில் துண்டு விரித்து விட்டோம். மயக்கத்துக்குப் பின் உடம்பு சில்லிட்டுப் போகும், அதனால் ஏசி வேண்டாம். சாயங்காலம் வழக்கத்தில் கால் பங்கு சாப்பாடு மட்டும். வாந்தி எடுக்கவில்லையென்றால் காலையில் வழக்கம்போல் கொடுக்கலாம்.

பூனை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும் மண் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மண்ணோ, கடையில் விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணலோ வேண்டாம். புண்ணில் ஒட்டிக்கொள்ளும். கிழித்த செய்தித்தாள் போடச் சொன்னார்கள். துரை அதை மோந்து பார்த்துவிட்டு என் செருப்பில் போனான். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே தாளைக் கலந்து பழக்கியிருந்தால் செருப்பு தப்பியிருக்கும்.

கழுத்துக் கூம்பு கட்டாயம். "பாவமா இருக்கு" என்று ஒரு மணி நேரம் கழற்றினால் அந்த ஒரு மணி நேரத்தில் நக்கியே புண்ணைத் திறந்துவிடும். சாப்பிடும்போது மட்டும் கழற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து, திரும்ப மாட்டுங்கள். ஏழு முதல் பத்து நாள். அதுவரை குளிப்பாட்டலும் கிடையாது.

இதை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: வலிக்குமே என்று பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. மனிதர்கள் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஐபுபுரோஃபனும் அப்படித்தான். டாக்டர் தந்த சொட்டு மருந்தை, அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை மட்டும் கொடுங்கள். புண்ணில் டெட்டால் தடவ வேண்டாம், அது பூனைக்கு விஷம். அறையை ஃபினாயில் போட்டுத் துடைக்கவும் வேண்டாம். பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும். மஞ்சள் அப்புவதும் தேவையில்லை, புண் காய்ந்து இருந்தால் போதும்.

மூன்றாம் நாள் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "என்னடா, அப்படியே இருக்கு? ஏமாத்திட்டானா?" என்றாள். பை காலியாக இருந்தாலும் சில நாள் வீங்கி, விதை இருப்பது போலவே தெரியும். பிறகு தானாகச் சுருங்கிவிடும். ஆனால் வீக்கம் நாளுக்கு நாள் பெரிதானாலோ, ரத்தம் சொட்டினாலோ, சீழ் வந்தாலோ, 24 மணி நேரம் சாப்பிடாமல் கிடந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒரு மாதம் வரை வெளியே விடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரம் பெண் பூனையைச் சினையாக்கும் வாய்ப்பு இருக்கிறது.

9. கடியை நிறுத்தும் வேலை

இதை ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பித்துவிடலாம், காசும் செலவாகாது. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

கை விளையாட்டுச் சாமான் ஆகவே கூடாது. எங்கள் வீட்டில் கெட்ட வாத்தியார் என் தம்பி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் துரையை மல்லாக்கப் போட்டு வயிற்றில் விரலால் கிச்சுகிச்சு மூட்டுவான், அவன் கையைக் கட்டிப்பிடித்துப் பின்னங்காலால் பிறாண்டுவதைப் பார்த்துச் சிரிப்பான். ஆறு நாள் நாங்கள் கற்றுக்கொடுத்தது அரை மணி நேரத்தில் போய்விடும். கடைசியில், "கையால விளையாடுனா சாப்பாடு கிடையாது" என்று சொன்னேன். பூனைக்கல்ல, தம்பிக்கு.

பல் பட்டதும் கையை இழுக்காதீர்கள். இழுத்தால் எலி ஓடுகிறது என்று நினைத்து இன்னும் பலமாகப் பிடிக்கும். மரக்கட்டை மாதிரி அசையாமல் நில்லுங்கள். விடவில்லையென்றால் கையை வாய்ப்பக்கமே மெதுவாகத் தள்ளுங்கள். இரை தன்னை நோக்கி வருவதை எந்தப் பூனையும் எதிர்பார்க்காது, விட்டுவிடும். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைப் பார்க்காமல் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் போதும். திட்டினால் அதுவும் அவனுக்குக் கவனம்தான்.

அடிக்க வேண்டாம். மூக்கில் சுண்டுவதும் தண்ணீர் பீச்சுவதும் பிடரியைப் பிடித்துத் தூக்குவதும் வேண்டாம். நான் ஒரு வாரம் தண்ணீர் பீச்சிப் பார்த்தேன். பாட்டிலைப் பார்த்தால் ஓடினான், பாட்டில் இல்லாதபோது முன்னைவிடப் பலமாகக் கடித்தான்.

வேட்டை ஆசையை அடக்க முடியாது, திருப்பிவிடத்தான் முடியும். ஒட்டடைக் குச்சியின் உடைந்த துண்டு ஒன்றில் ஒரு முழம் கயிறு கட்டி, நுனியில் பழைய சாக்ஸை முடிச்சுப் போட்டேன். கடையில் 200 ரூபாய்க்கு வாங்கிய இறகுக் குச்சியைவிட அவனுக்கு இதுதான் பிடித்தது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, பத்துப் பதினைந்து நிமிடம். கடிக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே ஆடுங்கள், காலண்டர் குறிப்பு இதற்குத்தான். துரையின் நேரம் சாயங்காலம் ஆறரை. நான் ஆறேகாலுக்குக் குச்சியை எடுத்துவிடுவேன். முகத்துக்கு முன் ஆட்டாதீர்கள். எலி அப்படி வராது. சோபா மூலையில் ஓடவிட்டு, நிறுத்தி, ஒளித்து, நுனியை மட்டும் நீட்டிக் காட்டுங்கள். கடைசியில் பிடிக்கவிட்டு உடனே சாப்பாடு வையுங்கள். வேட்டை, பிடி, சாப்பாடு, உடம்பை நக்கிக்கொள்வது, தூக்கம் என்று அந்த வரிசை முடிந்துவிடும். லேசர் விளக்கில் பிடிக்க ஒன்றும் இல்லாததால் வெறிதான் ஏறும்.

ஆட்டம் முடிந்ததும் கயிற்றைப் பூட்டி வையுங்கள். பூனை நூலை விழுங்கினால் குடலை இழுத்துச் சுருட்டிவிடும். நம் வீடுகளில் அதைவிட ஆபத்து சாமி படத்தில் தொங்கும் மல்லிகைச் சரம். வாடியதும் நூலோடு குப்பையில் போடுவோம், அதைப் பூனை இழுத்து மெல்லும். மூடி உள்ள குப்பைக்கூடை வாங்கிவிடுங்கள்.

தடவும்போது கடிக்கிறவனுக்கு: கன்னம், தாடை, காதடி, இவ்வளவுதான். வயிறு வேண்டாம், வால் அடியும் வேண்டாம். மூன்று முறை தடவி நிறுத்துங்கள். அவனே தலையை முட்டினால் இன்னும் மூன்று. ஜன்னல் கோபத்துக்கு, கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பழைய காலண்டர் தாளை ஒட்டினேன். அப்படியும் உறுமிக்கொண்டிருந்தால் தொடாமல், விளக்கை அணைத்துவிட்டு, அரை மணிக்கு மேல் தனியாக விடுங்கள்.

இன்னொரு குட்டியை எடுத்தால் கடி குறையும் என்பார்கள். பல வீடுகளில் குறைகிறது. ஆனால் மண் பெட்டி, தடுப்பூசி, இன்னொரு ஆபரேஷன் எல்லாம் இரண்டாகும். ஒரு படுக்கையறை வீட்டில் நான் அந்தத் துணிச்சலுக்கு வரவில்லை.

10. எப்போது தெரியும்

ஆபரேஷன் முடிந்ததுமே ஹார்மோன் போய்விடாது, சில வாரத்தில் படிப்படியாகக் குறையும். எங்கள் வீட்டில் மூத்திரத்தின் அந்தக் காட்டமான நெடி மூன்றாம் வாரம் போனது, ராத்திரி இரண்டு மணிக்குக் கதவருகே நின்று கத்துவது ஐந்தாம் வாரம். ஏற்கெனவே தெளித்த இடங்களில் வாசனை மிச்சமிருந்தால் திரும்ப அங்கேயே தெளிக்கும். வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, சமையல் சோடா தூவி, காய்ந்ததும் பெருக்கினோம்.

கடிக்குக் காலண்டர்தான் சாட்சி. குச்சி ஆட்டம் தொடங்கிய மாதத்தில், ஒரு கடிக்கு ஒன்றாக, 41 கோடு. அடுத்த மாதம் 23. மூன்றாம் மாதம் 9, அதில் நாலு தம்பி வந்த நாள். நடுவில் ஒரு வாரம் முன்னைவிட மோசமாகும், பழைய வித்தை ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் பலமாக முயன்று பார்ப்பான். அந்த வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள்.

11. சாப்பாடும் மூத்திரமும்

கருத்தடைக்குப் பின் உடம்புக்குத் தேவைப்படும் சாப்பாடு ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது, பசி மட்டும் கூடுகிறது. கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வைக்கும் பழக்கத்தை அன்றே நிறுத்துங்கள். நாலு மாதத்தில் துரை 4.4 கிலோ ஆனான். அவன் வளரும் வயது என்றாலும் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை, அளவைக் குறைத்தேன். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும், மாதம் ஒருமுறை.

கடுவனுக்கு மூத்திரக் குழாய் மிகக் குறுகல். குண்டாகி, தண்ணீர் குடிக்காமல், உலர் தீவனம் மட்டும் தின்று கிடந்தால் அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வேகவைத்த மீனோ கோழியோ அதன் தண்ணீரோடு கொடுக்கலாம், உப்பும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல். மண் பெட்டிக்கு அடிக்கடி போய் முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். மூத்திரம் அடைத்த பூனை ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். ராத்திரி பதினோரு மணியானாலும் அப்போதே கிளம்ப வேண்டும். ராத்திரியில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணும் வழியும், எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், "துரைக்கு எதுவும் கூடாது, பாலும்" என்ற அந்தப் பழைய தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கின்றன.